எண்களில் எழுதிய பாலை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் எனக்கு அளித்த தலைப்பு ‘இலக்கியத்தில் வேனில்’ என்பதாகும். அத்தலைப்பிலிருந்து சற்றே விலகி, வேனிலைப் பற்றிய வேறொரு பனுவலை உங்கள்முன் விரித்து வைக்க அவர்களிடம் இசைவு பெற்றுள்ளேன். அப்பனுவல் சொற்களால் ஆனதன்று, எண்களால் ஆனது. ஒரு நகரத் தெருவின் வெப்பத்தைக் கணினி கணித்துத் தரும் எண்களும், அவ்வெண்களிலிருந்து வரையப்படும் வண்ணப் படங்களுமே அப்பனுவலாகும்.

இலக்கிய மேடையில் இதற்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கக் கூடும். 2010ஆம் ஆண்டு மே மாதத்தில் அகமதாபாத் நகரைக் கடும் வெப்ப அலை தாக்கியது. வழக்கமாக அம்மாதத்தில் நிகழும் இறப்புகளைவிட 1,344 இறப்புகள் மிகுதியாக நிகழ்ந்தன என ஆய்வாளர் பின்னர்க் கணக்கிட்டனர். அதன் விளைவாக 2013இல் அந்நகரம் வெப்பச் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. 2024ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசும் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இனி எந்தத் தெருவில் மரம் நடுவது, எந்த நிறுத்தத்தில் நிழற்குடை அமைப்பது, எவ்விடத்தில் தண்ணீர்ப் பந்தல் வைப்பது என்பனவற்றைத் தீர்மானிக்கும் மேசைகளில் இத்தகைய வெப்பப் படங்கள் இடம்பெறும். அவற்றை வாசிக்க அறியாதவர் அம்மேசையில் பேச இயலாதவர் ஆவர். ஆகவேதான் இதனை வாசிக்கும் முறையைப் பற்றி, வாசிப்பையே வாழ்வாகக் கொண்ட இவ்வவையில் பேச விழைகிறேன்.

சொற்கள் இரண்டு

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம்.

எங்கள் கல்லூரியின் புவியியல் துறை நண்பர் ஒருவர், தம் மாணவரின் ஆய்வுச் சுருக்கத்தைத் தமிழாக்கித் தருமாறு என்னிடம் தந்தார். ஏடுகளில் ‘வெப்ப அழுத்தம்’ என வழங்கும் சொல் அதில் முதல் வரியிலேயே வந்தது. அழுத்தம் என்றவுடன் காற்றழுத்தமும் குருதியழுத்தமுமே நம் நினைவுக்கு வருகின்றன. இங்கே குறிக்கப்படுவதோ அதுவன்று. வெயில், காற்று, ஈரப்பதம் ஆகியன சேர்ந்து ஓர் உடலின்மேல் ஏற்றும் பாரத்தையே அச்சொல் குறிக்கிறது. அப்பாரத்திற்கு உடல் காட்டும் எதிர்வினை, அதாவது வியர்வை, நாடித் துடிப்பின் உயர்வு, சோர்வு, மயக்கம் ஆகியன வேறு. எனவே முன்னதை ‘வெப்பச் சுமை’ என்றும், பின்னதை ‘வெப்ப அயர்வு’ என்றும் பிரித்து எழுதினேன். கணினி கணிப்பது சுமையை. அயர்வை அடைபவர் மனிதர். இவ்வேறுபாட்டை இவ்வுரை முழுவதும் நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

மற்றொன்று, கணினி செய்யும் செயலுக்கான பெயர். இதனை ‘உருவகப்படுத்துதல்’ என்று பலர் எழுதுகின்றனர். உருவகம் என்பது அணியிலக்கணத்தில் உவமைக்கும் பொருளுக்கும் இடையிலான வேற்றுமையை நீக்கி, இரண்டையும் ஒன்றெனச் சொல்வது. உவமையோ இரண்டையும் இரண்டாகவே நிறுத்தி, ஒத்த பண்பை மட்டும் சுட்டுவது. முகத்தை நிலவுக்கு ஒப்பிடும்போது ஒளியையே கொள்கிறோம். நிலவின் களங்கத்தைக் கொள்வதில்லை. கணினியில் அமையும் தெருவும் நாம் நடக்கும் தெருவும் அவ்வாறே. எந்தெந்தப் பண்புகள் உள்ளே தரப்பட்டனவோ அவற்றில் மட்டுமே அவை ஒக்கும். ஆகவே ‘போன்மைக் கணிப்பு’ என்ற சொல்லே பொருந்துவதாக எனக்குத் தோன்றுகிறது. படத்தைக் காட்டி ‘இதுவே உங்கள் தெரு’ என்று ஒருவர் கூறினால், அவர் உவமையை உருவகமாக்குகிறார் என்று கொள்ளலாம்.

பனுவல் உருவாகும் விதம்

ஜெர்மனியில் மைக்கேல் புரூசே என்பவர் உருவாக்கிய என்வி-மெட், சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் உருவான சால்வெக் முதலிய மென்பொருள்கள் இப்பணியில் பெரிதும் பயன்படுகின்றன. என்வி-மெட் போன்றவை ஒரு தெருவைச் சிறுசிறு கட்டங்களாகப் பகுத்துக் கொள்கின்றன. கட்டடங்களின் உயரம், சுவரின் பொருள், மரங்களின் அடர்த்தி, தரையின் தன்மை, மண்ணின் ஈரம், ஒரு குறிப்பிட்ட நாளின் வானிலை ஆகியவற்றை நாம் தருகிறோம். கதிர் எங்கு விழும், காற்று எங்கு வளைந்து செல்லும், இலையிலிருந்து எவ்வளவு நீர் ஆவியாகும் என்பனவற்றை இயற்பியல் சமன்பாடுகளால் அது கணித்துக்கொண்டே செல்கிறது.

கணக்கொன்றைப் பார்ப்போம். 200 மீட்டர் நீளமும் 200 மீட்டர் அகலமும் உள்ள ஒரு பகுதியை 2 மீட்டர்க் கட்டங்களாகப் பகுத்தால் 10,000 கட்டங்கள் ஆகும். தரையிலிருந்து மேல்நோக்கி 20 அடுக்குகள் வைத்தால் 2,00,000 ஆகும். 24 மணி நேரத்துக்கும், மணிக்கு ஒருமுறையாக, காற்றின் வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் வேகம், பரப்பின் வெப்பநிலை, கதிர் வெப்பம் என ஐந்து அளவுகளைக் கொண்டால், எண்களின் தொகை 2 கோடியே 40 லட்சம் வரை செல்லும். நம் கையில் தரப்படும் ஒரு வண்ணப் படத்தில் இருப்பவையோ ஓர் அளவு, ஒரு மணி, ஓர் உயரம் ஆகியவற்றுக்குரிய 10,000 எண்களே. அதாவது 2,400 பங்கில் ஒரு பங்கு. எஞ்சியவற்றை யாரோ ஒருவர் விலக்கியுள்ளார். சங்கத் தொகை நூல்களைக் கையிலெடுக்கும்போது தொகுத்தவர் யார், தொகுப்பித்தவர் யார் என்று கேட்கும் பழக்கம் நமக்குண்டு. அக்கேள்வி இங்கும் கேட்கத்தக்கது.

இனி, வாசிக்கும் முறைக்கு வருவோம். தொல்காப்பியர் செய்யுளியலில் செய்யுளின் உறுப்புகளாக 34ஐக் கூறுகிறார். அவற்றுள் பொருள், களன், காலம், கூற்று, மெய்ப்பாடு, எச்சம், பயன் என்னும் ஏழினை மட்டும் எடுத்துக்கொண்டு இவ்வெண் பனுவலை அணுகலாம் என்பது என் கருத்து. தொல்காப்பியர் கணினியை முன்னறிந்தார் என்று நான் கூற வரவில்லை. ஒரு கூற்றைப் பொருள் கொள்ளுமுன் கேட்கவேண்டிய கேள்விகளை அவர் வரிசைப்படுத்தி வைத்தார். அக்கேள்விகள் இன்றும் தேய்ந்துவிடவில்லை என்பதே நான் சொல்ல வருவது.

பொருள்: எதன் வெப்பம்?

ஒரு படத்தில் ‘45’ என்னும் எண் இருக்கிறது. எதன் 45? இதுவே முதற்கேள்வி.

காற்றின் வெப்பநிலை ஒன்று. தரை, சுவர், கூரை ஆகியவற்றின் பரப்பு வெப்பநிலை மற்றொன்று. ஞாயிற்றிடமிருந்து நேரேயும், சுவரிலும் தரையிலும் பட்டு மீண்டும், சூடேறிய பரப்புகளிலிருந்தும் உடல்மேல் வந்து விழும் கதிர்களை ஒரே எண்ணாக்கிச் சொல்லும் சராசரிக் கதிர்வீச்சு வெப்பநிலை மூன்றாவது. இவற்றோடு காற்றோட்டத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்து உடலுணர்வை ஒரே எண்ணில் கூற முயலும் சுட்டெண் நான்காவது. நான்குமே பாகை செல்சியசில்தான் எழுதப்படுகின்றன. அலகு ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்றெனக் கொள்வது பெரும் மயக்கத்திற்கு இடமாகும்.

மரத்தடிக்கும் அதன் அருகிலுள்ள வெட்டவெளிக்கும் காற்றின் வெப்பநிலையில் காணப்படும் வேறுபாடு பெரும்பாலும் சிறிதே. கதிர் வெப்பமோ கோடை நண்பகலில் வெட்டவெளியில் 60 பாகையையும் தாண்டும். நிழலில் அது வெகுவாகத் தாழும். காற்றின் வெப்பப் படத்தை மட்டும் காட்டி, ‘மரத்தால் ஒரு பாகைகூடக் குறையவில்லை’ என்று ஒருவர் வாதிட இயலும். அவர் காட்டும் எண் பொய்யன்று. கேட்ட கேள்விக்குரிய எண் அதுவன்று என்பதே குறை.

இதற்கு மாறான சான்றும் உண்டு. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெளிர்நிறப் பூச்சைச் சில சாலைகளில் பூசினர். சாலையின் பரப்பு குளிர்ந்தது. ஆனால் திருப்பி அனுப்பப்பட்ட கதிர்கள் அதன்மேல் நடப்பவரின் உடலில் விழுந்ததால் நண்பகலில் அவருக்குக் கதிர் வெப்பம் கூடியது. அளந்து பார்த்த ஆய்வாளர்கள் இதனை 2020இல் வெளியிட்டனர். தரையின் படத்தைப் பார்த்தால் வெற்றி. நடப்பவரின் படத்தைப் பார்த்தால் வேறு. செயற்கைக்கோள் தரும் படங்களும் பெரும்பாலும் பரப்பு வெப்பத்தையே காட்டுவன. அவற்றில் மிகச் சிவந்து தோன்றும் தகரக் கூரையின் மீது எவரும் நடப்பதில்லை. அதன்கீழ் வாழ்வோரின் நிலையை அப்படம் நேரடியாகச் சொல்வதுமில்லை.

களன்: எவ்விடத்து வெப்பம்?

கணிப்பில் பெரும்பாலும் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் அளவிலான உயரத்தில் உள்ள எண்களையே எடுப்பர். அது நிற்கும் மனிதரின் மார்பு, முகம் ஆகியவற்றின் அருகே அமையும் உயரம். தாயின் கையைப் பிடித்து நடக்கும் குழந்தையும், நடைபாதையில் சாக்கு விரித்துக் கீரை விற்பவரும் அவ்வுயரத்திற்குக் கீழே, சூடேறிய தரைக்கு அருகில் இருக்கின்றனர்.

படத்தின் விளிம்பிலுள்ள கட்டங்களையும் நம்புதல் கூடாது. அங்கே கணிப்பின் எல்லை முடிவதால் காற்றும் வெப்பமும் செயற்கையாகத் திரிந்து நிற்கும். அறிந்த ஆய்வாளர் அவ்விளிம்புகளை நீக்கியே பேசுவர்.

நாம் வாழும் அட்சரேகையும் களனின் ஒரு பகுதியே. சென்னை வடக்கே ஏறத்தாழ 13 பாகையில் உள்ளது. ஏப்ரல் இறுதிப் பகுதியில் ஞாயிறு நண்பகலில் தலைக்கு நேரே வந்து நிற்கிறது. மே மாதத்திலும் உச்சியைவிட்டு அதிகம் விலகுவதில்லை. ஆகவே நண்பகலில் உயர்ந்த கட்டடம்கூடத் தெருவுக்கு நிழல் தருவதில்லை. தன் காலடியையே ஒட்டிக்கொண்டு நிழல் சுருங்கிவிடுகிறது. அந்நேரத்தில் உதவுவன தலைக்குமேல் விரியும் மரக்கிளையும் பந்தலும் மட்டுமே. நெருங்கிய உயர்ந்த கட்டடங்கள் தெருவைக் குளிர்விக்கும் என்னும் முடிவு வேறோர் அட்சரேகையில் உண்மையாகலாம். அதனை இங்குக் கொணர்வதற்குமுன் நம் நண்பகலில் வைத்துப் பார்த்தாக வேண்டும்.

காலம்: எப்பொழுதின் வெப்பம்?

தொல்காப்பியர் பாலைக்குத் தனி நிலம் கூறவில்லை. நண்பகலையும் வேனிலையும் பொழுதாகக் கூறினார். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று விளக்கியது சிலப்பதிகாரம். பாலை என்பது ஓரிடத்தின் பெயராக மட்டும் நில்லாது, எந்த இடத்துக்கும் நேரக்கூடிய ஒரு நிலையின் பெயராகவும் நிற்கிறது. வெப்பப் படத்தை வாசிப்போருக்கு இதைவிடச் சிறந்த பாடம் கிடைத்தல் அரிது. படத்தில் சிவந்திருக்கும் தெரு எப்பொழுதும் சிவந்திருப்பதில்லை. பிற்பகல் 2 மணிக்கு வெப்பமாகத் தோன்றும் வெட்டவெளி, இரவில் வானத்தை நோக்கித் தன் வெப்பத்தை விரைந்து இழந்து குளிர்கிறது. நெருங்கிய கட்டடங்களுக்கு இடைப்பட்ட சந்தோ பகலில் நிழலால் தாழ்ந்து நின்று, சுவர்கள் உண்ட வெப்பத்தை இரவெல்லாம் உமிழ்கிறது. நகரத்திற்கும் அதன் புறத்திற்கும் உள்ள வெப்ப வேறுபாடு பெரும்பாலும் இரவிலேயே மிகுதி. பகற்படம் ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்தால் உறக்கமிழந்த வீடுகள் கணக்கில் வாரா.

சென்னைக்கு இன்னொரு காலக்கூறு உண்டு, அது கடற்காற்று. கோடையில் முற்பகலில் நிலத்திலிருந்து மேலைக்காற்று வீசுகிறது. பின்னர்க் கடற்காற்று உள்ளே புகுகிறது. அது முன்னரே வந்த நாள் தணிந்திருக்கும். தாமதித்த நாள் கொதிக்கும். நாள் முழுவதும் ஒரே திசையில் காற்று வீசுவதாகக் கொண்டு செய்த கணிப்பு, சென்னையின் பிற்பகலை அறியாத கணிப்பாகும். கடற்காற்று வெப்பநிலையைத் தணித்தாலும் ஈரப்பதத்தைக் கூட்டும் என்பதையும் மறத்தலாகாது. வெப்பநிலை குறைந்தும் வியர்வை உலராத மாலைப் பொழுதை இவ்வூரார் அனைவரும் அறிவோம்.

கணிப்பின் தொடக்க மணிகளும் நம்பத்தக்கன அல்ல. கணினித் தெருவின் சுவரும் மண்ணும் தமக்குரிய வெப்பத்தை அடையச் சில மணி நேரம் பிடிக்கும். பாடகர் சுருதி சேர்க்கும் நேரத்தைக் கச்சேரியாகக் கொள்ளாததுபோல, அம்மணிகளுக்குரிய எண்களை விலக்குதல் மரபு.

கூற்று: யாருடைய வெப்பம்?

இவ்வுரையின் மையம் இப்பகுதியே. அகப்பாட்டைக் கையில் எடுத்தவுடன் நாம் கேட்பது ‘இது யார் கூற்று?’ என்பதாகும். தலைவி கூற்றும் செவிலி கூற்றும் ஒரே சுரத்தைப் பற்றியன ஆயினும் பொருளால் வேறுபடும். சுட்டெண்கள் என்னும் நான்காம் வகை எண்களுக்கும் கூற்று உண்டு. ஒவ்வொரு சுட்டெண்ணின் உள்ளேயும் ஒரு மனிதர் நின்றுகொண்டிருக்கிறார்.

‘உடலியல் சமான வெப்பநிலை’ என்னும் சுட்டெண் மிகப் பரவலாகப் பயன்படுவது. அதன் வழக்கமான கணிப்பில் உள்ளே இருப்பவர் 35 வயது ஆண், உயரம் 1.75 மீட்டர், எடை 75 கிலோ, இலேசான வேலையில் இருப்பவர். அதன் வகுப்பெல்லைகள் நடு ஐரோப்பிய மக்களின் உணர்வை ஒட்டி வகுக்கப்பட்டவை.

‘உலகப் பொது வெப்பச் சுட்டெண்’ எனத் தமிழில் கூறத்தக்கது மற்றொன்று. பல நாட்டு அறிஞர்கள் கூடி உருவாக்கியது. அதனுள் இருப்பவர் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் நடந்துகொண்டிருக்கிறார். வெப்பத்துக்கேற்ப அவர் உடையை மாற்றுவதாகவும் அது கொள்கிறது. அம்மாற்றமோ ஐரோப்பிய நகரத்தாரின் வழக்கத்தை ஒட்டியது. அவருடைய உடலின் எதிர்வினை இரண்டு மணி நேரம் வரையில் கணிக்கப்பட்டுள்ளது.

‘ஈரக்குமிழ்க் கோள வெப்பநிலை’ எனப்படுவது 1950களில் அமெரிக்கப் படைப் பயிற்சி முகாம்களில் இளம் வீரர்கள் வெப்பத்தால் வீழ்வதைத் தடுக்கப் பிறந்தது. வெயிலில் அதனைக் கணிக்கும் முறை எளிது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின் அளவில் பத்தில் ஏழு பங்கு, கருங்கோள வெப்பமானியின் அளவில் பத்தில் இரண்டு பங்கு, காற்றின் வெப்பநிலையில் பத்தில் ஒரு பங்கு ஆகியவற்றைக் கூட்ட வேண்டும். காட்டாக 28, 45, 36 என்னும் அளவுகள் கிடைத்தால் 19.6, 9, 3.6 சேர்ந்து 32.2 ஆகும். ஈரத்துக்கே பெரும்பங்கு தரப்பட்டிருத்தலைக் காண்க. இந்த 32.2ஐக் காற்றின் வெப்பநிலை என்று எண்ணி ‘இவ்வளவுதானே’ என அமைதி கொள்வது பேரிடருக்கு வழி. இவ்வளவையில் 32 என்பது கடின உழைப்பை நிறுத்தி ஓய்வு தரவேண்டிய எல்லையைத் தாண்டிய எண்ணாகும்.

அகநானூற்றின் 400 பாடல்களில் 200 பாலைத்திணைக்கு உரியவை. ஒற்றைப்படை எண் பெற்ற பாடல்கள் எல்லாம் பாலையே. அப்பாடல்களில் எவரும் வெப்பத்தைப் பாகையில் அளக்கவில்லை. நடந்து செல்லும் உடல்களைக் கொண்டும், நீரின்றி வாடும் விலங்குகளைக் கொண்டும், நிழலற்ற மரங்களைக் கொண்டும் அளந்தனர். உலகப் பொதுச் சுட்டெண்ணும் நடக்கும் உடல் ஒன்றைக் கொண்டே அளக்கிறது. வெப்பம் என்பது ஒருவருக்கு நேர்வது என்னும் அறிவு இரண்டிற்கும் பொது. ஆயின் நம் புலவர்கள் நடப்பவர் யார் என்பதை மறைத்ததில்லை. மெல்லடியாள் நடப்பதும் காளை நடப்பதும் அவர்களுக்கு ஒன்றாக இருந்ததில்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை. 35 வயது ஆடவருக்குப் பொருந்தும் எண், 60 வயதில் தெருக்கூட்டும் அம்மையாருக்குப் பொருந்துமா? மாதர் உடுத்தும் சேலையின் வெப்பத் தடுப்பு உடுத்தும் முறைக்கேற்ப மாறுவது. அது கணிப்பில் எங்கே இருக்கிறது? இரண்டு மணி நேர நடைக்குரிய சுமையைக் கொண்டு, காலை முதல் மாலை வரை ஒரே இடத்தில் அமர்ந்து பூக்கட்டுபவரின் அயர்வை எவ்வாறு அறிவது? சுட்டெண்ணை ஒதுக்குமாறு நான் கூறவில்லை. உள்ளிருப்பவரை மாற்றிக் கணிக்கும் வசதி சில மென்பொருள்களில் உண்டு. கேட்பார் இல்லையேல் மாற்றுவாரும் இல்லை.

மெய்ப்பாடு: வண்ணத்தின் வழி

உள்ளத்துணர்வு உடலில் வெளிப்படுவது மெய்ப்பாடு. எண்களின் உணர்வு வண்ணத்தில் வெளிப்படுகிறது. அவ்வெளிப்பாடு நடிப்பாகவும் இருக்கலாம் என்பதே இங்குள்ள இடர். பல மென்பொருள்கள் தாமாகவே விடும்போது, படத்திலுள்ள மிகக் குறைந்த எண்ணுக்கு நீலத்தையும் மிக உயர்ந்த எண்ணுக்குச் சிவப்பையும் பூசிவிடுகின்றன. ஒரு படத்தில் 33 முதல் 34 வரையும், மற்றொரு படத்தில் 33 முதல் 45 வரையும் எண்கள் இருப்பினும், இரண்டும் நீலத்தில் தொடங்கிச் சிவப்பில் முடியும். முன்னதில் உள்ள சிவப்பு பின்னதில் நீலம். இரு படங்களை ஒப்பிடுமுன் ஓரத்திலுள்ள அளவுக் குறிப்பை வாசிக்காதவர் படத்தை வாசிக்கவில்லை என்றே கூற வேண்டும்.

வகுப்புகளாகப் பிரித்துப் பூசும் வண்ணத்திலும் ஒரு நுட்பம் உண்டு. உலகப் பொதுச் சுட்டெண்ணில் 26 முதல் 32 வரை மிதமான சுமை. 32 முதல் 38 வரை கடுஞ்சுமை. 38 முதல் 46 வரை மிகக் கடுஞ்சுமை. 46க்கு மேல் உச்சச் சுமை. 37.9ம் 38.1ம் வேறு வேறு வண்ணம் பெறும், 38.1ம் 45.9ம் ஒரே வண்ணம் பெறும். முன்னவற்றின் இடைவெளி 0.2; பின்னவற்றின் இடைவெளி 7.8.

எச்சம்: சொல்லாது விட்டவை

எச்சம் அறியாதவர் பாட்டை முழுதும் அறிந்தவர் ஆகார். வண்டிகளின் புகைவெப்பம், குளிரூட்டிகள் தெருவில் தள்ளும் அனல், அடுப்புக் கடைகள், நெரிசலில் நிற்கும் கூட்டம் ஆகியன பல கணிப்புகளில் இடம்பெறுவதில்லை. மரம் நட்டதாகக் கணிப்பவர் பெரும்பாலும் நீர்பெற்றுத் தழைத்த மரத்தையே நடுகிறார். நம் தெருவிலோ சிமெண்டுத் தளம் கழுத்தை நெரிக்கும் மரமே நிற்கிறது.

எச்சத்தின் மற்றொரு கூறு பிழையளவு. நேர்மையான ஆய்வாளர் ஓரிரு இடங்களில் கருவி வைத்து அளந்து, கணிப்புக்கும் அளவைக்கும் உள்ள வேறுபாட்டைக் கூறுவர். அவ்வேறுபாடு 2 பாகை எனில், இரண்டு தெருக்களுக்கிடையே கணிப்பு காட்டும் 0.3 பாகை வேற்றுமையைப் பெரிதாகப் பேச இயலாது. ஒரே தெருவை மரத்தோடும் மரமின்றியும் கணித்து ஒப்பிடும்போது பிழையின் ஒரு பகுதி இருபுறமும் சமமாக நின்று நீங்கிவிடும் என்பதும் உண்மையே. எனினும் பிழையளவே கூறாத அறிக்கை, ஏட்டுச்சுவடியின் பாடவேறுபாடுகளை மறைத்த பதிப்பை ஒக்கும்.

பயன்: யாருக்கு உதவும்?

இறுதியாக ஒரு கற்பனைக் கணக்கு. முன்னர்க் கூறிய 10,000 கட்டங்கள் கொண்ட பகுதியில் நண்பகற் சுட்டெண்ணின் சராசரி 41 என்க. முதல் திட்டம், பூங்காவை ஒட்டி மரம் நட்டுச் சராசரியை 40 ஆக்குகிறது. இரண்டாம் திட்டம், நடைபாதை வணிகர் அமரும் 300 கட்டங்களின்மேல் மட்டும் நிழல் விரித்து, அங்கே 43ஆக இருந்ததை 37 ஆக்குகிறது. 300 கட்டங்களில் 6 பாகை குறைந்தால் மொத்தச் சராசரியில் குறைவது 0.18, ஆகவே சராசரி ஏறத்தாழ 40.8. அட்டவணையில் முதல் திட்டமே வெல்லும். ஆயின் அந்நேரத்தில் பூங்காவோரம் எவரும் இல்லை. 300 கட்டங்களில் நாள் முழுதும் மனிதர் இருக்கின்றனர். சராசரி என்பது எல்லாக் கட்டங்களையும் சமமாக மதிக்கிறது. மனிதர் எல்லாக் கட்டங்களிலும் சமமாக வாழ்வதில்லை.

இவ்விடத்தில்தான் அரசின் அளவுகோல்களையும் நினைக்க வேண்டியுள்ளது. இந்திய வானிலைத் துறையின் வழக்கமான வரையறைப்படி, கடலோர நிலையம் ஒன்றில் உச்ச வெப்பநிலை 37 பாகையை எட்டி, அந்நாளின் இயல்பைவிட 4.5 பாகையேனும் கூடியிருந்தால் அது வெப்ப அலை. இது காற்றின் வெப்பநிலையை அடிப்படையாகக் கொண்டது. 36 பாகையில் கனத்த ஈரத்தோடு புழுங்கும் ஒரு நாள் இவ்வரையறைக்குள் வாராது போகலாம். அன்று வீழ்பவரின் உடலுக்கு வரையறை தெரியாது.

நிறைவுரை

இதுகாறும் கூறியவற்றால், எண் என்பது முடிந்த உண்மை அன்று; அதுவும் ஒரு கூற்றே என்பது பெறப்படும். கூற்று ஆதலின் அதற்குக் களனும் காலமும் எச்சமும் உண்டு. அவற்றைக் கேட்டுத் தெளிதல் அறிவியலை ஐயுறுவதாகாது. நல்ல அறிவியலாளர் எதிர்பார்ப்பதும் அதுவே.

இவ்வட்டத்தின் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒன்று, நம் நகரைப் பற்றி வெளியாகும் வெப்பப் படங்களின் குறிப்புகள் தமிழில், தெருவில் வாழ்வோர் வாசிக்கும் தமிழில், அமைய வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். அதற்குரிய சொற்களை ஆக்கித் தரும் பணியை நம் வட்டமே ஏற்கலாம். மற்றொன்று, கவிஞர்களுக்கு. வருகிற கத்திரி வெயிலில் நண்பகல் 12 மணிமுதல் 3 மணிவரை உங்கள் தெருவில் யார் எங்கே இருக்கிறார்கள், எந்த நிழலுக்காக யார் ஒதுங்குகிறார்கள், எந்தச் சுவரோரம் இரவில் எவரும் படுப்பதில்லை என்பனவற்றைக் குறித்து வையுங்கள். கணிப்பவர் தம் எண்களில் எந்தக் கட்டத்தை முதலில் பார்க்க வேண்டும் என்பதை அக்குறிப்புகளே சொல்லும். அவற்றைத் தொகுத்து, எங்கள் கல்லூரிப் புவியியல் துறை நண்பரிடம் ஒப்படைக்கும் பொறுப்பை நான் ஏற்கிறேன், அவரும் இசைந்துள்ளார்.